பரணில் கிடைத்த ரஷ்ய ஓவியப் புத்தகம்: நம் ஊர்க் கையைப் பழக்கியது யார்?

தண்டையார்பேட்டைக்காரன் | சனி, இரவு 10:42

வீட்டுக்கு வெள்ளையடிக்கிறோம். பரணில் இருந்து அப்பாவின் டிரங்குப் பெட்டியை இறக்கினேன். மில் அடையாள அட்டை, யூனியன் சந்தா ரசீதுகள், எல்லாவற்றுக்கும் அடியில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு கனமான புத்தகம். லெனின்கிராடு அரோரா பதிப்பகம் போட்டது. அந்த ஊர் ரஷ்ய அருங்காட்சியகத்து ஓவியங்கள். முதுகைக் கரையான் தின்றுவிட்டது. உள்ளே வழவழத் தாளும் வண்ணமும் அப்படியே இருக்கின்றன.

அப்பா பி அண்ட் சி மில்லில் வேலை பார்த்தவர். மே தினக் கூட்டத்துக்குப் போனால் திடலுக்கு வெளியே நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் வேன் நிற்கும். சோவியத் அரசு மானியம் கொடுத்து அச்சடித்த புத்தகங்கள், அதனால் கடலை வாங்குகிற காசுக்குக் கதைப் புத்தகம் கிடைக்கும். ஓவியப் புத்தகம் மட்டும் கொஞ்சம் விலை. இதன் உள்ளட்டையில் 30 ரூபாய் என்று பென்சிலில் இருக்கிறது. அந்த மாதம் மளிகைக் கடையில் கடன் சொன்னதை அம்மா கடைசி வரைக்கும் சொல்லிக் காட்டினார்.

ஒரு பக்கத்தில் மட்டும் பென்சில் கட்டங்கள். அது என் வேலை. ஐவசோவ்ஸ்கி 1850இல் வரைந்த 'ஒன்பதாவது அலை'. உடைந்த பாய்மரத்தைப் பிடித்துக்கொண்டு சிலர் தத்தளிக்க, பின்னால் பச்சையாக ஒளி ஊடுருவும் பெரிய அலை. எட்டாம் வகுப்பு கோடை விடுமுறையில் அதைச் சார்ட்டில் போஸ்டர் கலரில் வரைந்து வாசலில் காயவைத்தேன். தெருவே வந்து பார்த்தது. காசிமேட்டில் விசைப்படகில் போகிற அண்ணன் ஒருவர் ரொம்ப நேரம் நின்றார். "அலை நல்லாத்தான் கீது. ஆனா கட்டையப் புடிச்சிக்கினு மிதக்கிறவன் இந்த அலைய பார்க்க மாட்டான்பா. இதுக்குப் பின்னாடி வரதத்தான் பார்ப்பான்" என்றார்.

கடல் எங்கள் வீட்டில் இருந்து பத்து நிமிட நடை. நான் அதை ஒரு தடவைகூட வரைந்ததில்லை.

அதனால்தான் இந்த இழை. நம் பக்கத்தில் 'நல்லா வரையறான்பா' என்று யாரைச் சொல்கிறோம்? அச்சு அசலாக வரைகிறவனை. அந்த ரசனை எங்கிருந்து வந்தது? குறைந்த விலையில் கைக்கு எட்டிய புத்தகங்கள்தான் காரணம் என்பது என் கட்சி. உங்கள் வீட்டில் என்ன இருந்தது, எழுதுங்கள்.

—

கொருக்குப்பேட்டை கேட் | சனி, இரவு 11:05

கேட் போட்டிருக்கிறார்கள், சரக்கு ரயில். எப்படியும் இருபது நிமிடம் ஆகும், எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் புத்தகம் எல்லாம் கிடையாது. ஆனால் 'சோவியத் நாடு' இதழ் வரும். யாரும் படித்ததாக நினைவில்லை. ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் அதைக் கிழித்து நோட்டுக்கு அட்டை போடுவோம். பழுப்புத் தாளை விடக் கெட்டி, வழவழப்பு, மழையில் நனைந்தாலும் தாங்கும். என் கணக்கு நோட்டில் ஒரு வருடம் முழுக்க ரேபினின் படகிழுக்கும் கூலிகள் இருந்தார்கள். 11 பேர். எண்ணியிருக்கிறேன், கணக்கு வகுப்பில் வேறென்ன வேலை. நடுவில் ஒரு இளைஞன் மட்டும் தோளில் இருக்கும் வாரை விலக்கிக்கொண்டு நிமிர்ந்து பார்ப்பான். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய என் மாமாவின் நிற்பு அச்சாக அதுதான்.

அந்தப் படத்துக்கு ரேபின் என்று ஒரு ஆள் இருக்கிறார் என்பது எனக்கு இருபது வருடம் கழித்துத்தான் தெரியும்.

—

பேனர் கலைஞன் | ஞாயிறு, காலை 6:30

தம்பி, கட்டம் போட்டு வரைந்ததை ஏதோ குற்றம் மாதிரி எழுதியிருக்கிறீர்கள். கட்டம் இல்லாமல் சினிமா பேனர் ஏது? எங்களுக்குக் கொடுப்பது உள்ளங்கை அகல ஸ்டில். அதில் ஒரு கட்டம், துணியில் ஒரு கட்டம். இருபதடி மூக்கைக் கிட்ட நின்று வரைகிறவனுக்குக் கட்டம்தான் கண். எட்ட நின்று பார்க்கச் சாரத்தில் இடம் கிடையாது.

எங்கள் பள்ளிக்கூடம் மூர் மார்க்கெட். சென்ட்ரலுக்குப் பக்கத்தில் அந்தச் சிவப்புக் கட்டடம். பழைய புத்தகக் கடைகளில் அமெரிக்காவின் வால்டர் ஃபாஸ்டர் போட்ட வரையப் பழகும் புத்தகங்கள் வரும். அகலமாக, ஒல்லியாக இருக்கும். ஒன்றில் குதிரை, ஒன்றில் பூ, ஒன்றில் முகம். இரண்டு பேர் காசு சேர்த்து ஒன்று வாங்குவோம், நடுவில் பின்னைக் கழற்றிப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்வோம். எனக்கு முகத்தின் முன்பாதி. இன்னொருவனுக்குப் பின்பாதி. அவன் கடைசி வரைக்கும் என்னை விடக் காது நன்றாகப் போட்டான்.

1985 மே 30ஆம் தேதி மூர் மார்க்கெட் எரிந்தது. மறுநாள் போய்ப் பார்த்தேன். தண்ணீர் ஊறின, பாதி கருகின புத்தகங்களைத் தள்ளி வைத்திருந்தார்கள். கடைக்காரர்களுக்குப் பிறகு அல்லிக்குளத்தில் இடம் கொடுத்தார்கள். கடை வந்தது, அந்தக் குவியல் வரவில்லை.

முகத்தில் ஏன் பச்சையும் ரோஸும் அடிக்கிறீர்கள் என்று கேட்பார்கள். ஃபாஸ்டர் புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. நிழலுக்குப் பச்சை, கன்னத்துக்கு ரோஸ். அது அவர்கள் சொல்லிக்கொடுத்ததா, அச்சில் அப்படி விழுந்ததா, இன்றைக்கு வரைக்கும் எனக்குக் குழப்பம்.

—

ஆஃப்செட் அண்ணாச்சி | ஞாயிறு, காலை 9:14

பேனர் அண்ணே, அந்தக் குழப்பத்துக்கு நான் பதில் சொல்கிறேன். மண்ணடிப் பக்கம் முப்பது வருடம் மிஷினில் நின்றவன்.

எந்த அச்சுப் படத்தையும் லென்ஸ் வைத்துப் பாருங்கள். புள்ளிதான். நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு, நான்கு பிளேட், நான்கு தடவை மை. செய்தித்தாள் என்றால் அங்குலத்துக்கு 85 வரிசைப் புள்ளி, ஆர்ட் பேப்பர் என்றால் 150, 175. தாள் மட்டமாக ஆக, மை ஊறிப் புள்ளி வீங்கும். வெளிச்சமான இடத்தில் அது தெரியாது. நிழலில்தான் வம்பு. ஏற்கெனவே நெருக்கமாக இருக்கும் புள்ளிகள் வீங்கி ஒன்றோடொன்று ஒட்டி, மொத்தமாக மூடிக்கொள்ளும்.

ரெம்பிராண்ட் நிழலில் எத்தனையோ பழுப்பு வைத்திருப்பார். மலிவுப் பதிப்பில் அத்தனையும் ஒரே கறுப்பாகிவிடும். நம் பையன்கள் ரெம்பிராண்ட் என்று நினைத்து அப்பின கறுப்பில் பாதி எங்கள் மை.

முகச் சிவப்பும் அப்படித்தான். மெஜந்தா ஒரு நூல் தூக்கலாக ஓடினாலும் தோல் சிவந்துவிடும். முதலாளி பார்த்துவிட்டு "பளிச்சுனு இருக்கு, ஓட்டு" என்பார். முக்கியமான விஷயம், அசல் ஓவியம் எப்படி இருக்கும் என்று மிஷின்மேனுக்கும் தெரியாது, முதலாளிக்கும் தெரியாது. பல சமயம் வேறொரு புத்தகத்தில் அச்சான படத்தையே ஸ்கேன் செய்து கொண்டுவருவார்கள். அந்தப் புள்ளி மேல் இந்தப் புள்ளி உட்கார்ந்து, படம் முழுக்க நனைந்த பட்டுப்புடவை மாதிரி அலை அலையாகக் கோடு ஓடும். அதையும் ஓவியரின் டெக்ஸ்சர் என்று நினைத்துக் கஷ்டப்பட்டு வரைந்து காட்டிய ஒரு பையனைப் பார்த்திருக்கிறேன். மனசு கேட்கவில்லை, நான் எதுவும் சொல்லவில்லை.

—

வியாசை வரைகோல் | ஞாயிறு, காலை 11:50

எல்லோரும் உருகுகிறீர்கள், நான் கொஞ்சம் கசப்பாகச் சொல்கிறேன். இந்தப் புத்தகங்கள் என்னைக் கெடுத்தன.

பன்னிரண்டாவது முடிக்கும்போது வியாசர்பாடியில் எந்தச் சுவரில் அம்பேத்கர் வேண்டும் என்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். முகமது அலியை மூன்று சுவரில் போட்டிருக்கிறேன். அந்தத் திமிரோடு ஒரு கலைக் கல்லூரியின் நுழைவுத் தேர்வுக்குப் போனேன். மேசை மேல் ஒரு சில்வர் குடம், கசக்கின துணி, இரண்டு கத்தரிக்காய். வரை என்றார்கள். எனக்குக் கை ஓடவில்லை. புத்தகத்தில் கத்தரிக்காய்க்கு ஓரம் இருக்கும். நிஜக் கத்தரிக்காய்க்கு ஓரமே இல்லை, தலையை அசைத்தால் ஓரமும் நகர்கிறது. அந்த வருடம் இடம் கிடைக்கவில்லை. மறு வருடம் முழுக்க அம்மாவின் அடுப்படியில் உட்கார்ந்து பாத்திரம் வரைந்தேன். அப்புறம்தான் உள்ளே போனேன்.

இன்னொன்று. எல்லோரும் ரஷ்யப் புத்தகம், அமெரிக்கப் புத்தகம் என்கிறீர்கள். இதே சென்னையில் ஓவியர் பணிக்கர் 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கினார். அவர் படம் நம் தெருவில் யார் வீட்டில் இருந்தது? லலித் கலா அகாதெமி இந்திய ஓவியர்களைப் பற்றிச் சின்னச் சின்னப் புத்தகங்கள் போட்டது. விலையும் குறைவுதான். கிரீம்ஸ் சாலை வரைக்கும் போய் வாங்கி வந்தேன். பெரும்பாலும் கறுப்பு வெள்ளைப் படங்கள். வண்ணத்தையே நம்பி வரைந்த படத்தைக் கறுப்பு வெள்ளையில் அச்சடித்தால் அது மங்கின பத்திர நகல் மாதிரி இருக்கும். எங்கள் தாத்தா பார்த்துவிட்டு "பூரான் ஊர்ந்த மாதிரி இருக்கு" என்றார். தாத்தா மேல் தப்பில்லை.

—

தண்டையார்பேட்டைக்காரன் | ஞாயிறு, மதியம் 1:20

வியாசை தம்பி, கத்தரிக்காய் விஷயம் சரி. ஆனால் 'கெடுத்தது' என்பது அதிகம். அந்தப் புத்தகம் இல்லையென்றால் நீங்கள் சுவருக்கே போயிருக்க மாட்டீர்கள்.

உங்கள் இரண்டாவது பத்தியில்தான் விஷயம் இருக்கிறது. வண்ணம் கறுப்பு வெள்ளையில் செத்துப்போகும், கோடு சாகாது. ஓவியர் ஆதிமூலத்தின் காந்தி கோட்டோவியங்களை எவ்வளவு மட்டமான தாளில் போட்டாலும் காந்தி காந்தியாகவே இருந்தார். சிறுபத்திரிகைக்காரர்கள் கையில் இருந்தது ஒரே மை, மட்டமான தாள். அவர்களால் கோட்டோவியம்தான் போட முடிந்தது. அதைப் பார்த்து வளர்ந்தவர்கள் கோட்டை ரசிக்கக் கற்றுக்கொண்டார்கள். நம்மைப் போல மானியத் தாளில் ரஷ்யனைப் பார்த்தவர்கள் பளபளப்பை ரசித்தோம். வண்ணத்தை மட்டுமே நம்பிய ஓவியம் யார் வழியாகவும் வந்து சேரவில்லை.

—

கொருக்குப்பேட்டை கேட் | ஞாயிறு, மதியம் 1:48

அப்படியென்றால் முத்து காமிக்ஸையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1972இல் முதல் புத்தகமே இரும்புக்கை மாயாவி. வரைந்தவர் ஜேசுஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பெயின்காரர், கதை இங்கிலாந்து, அச்சு சிவகாசி, படித்தது கொருக்குப்பேட்டை. குறுக்குக் கோடு போட்டு நிழல் கொண்டுவரும் வித்தையை அதில்தான் பார்த்தேன். ஹீரோ பேனாவில் மை ஊற்றி, நோட்டின் கடைசிப் பக்கம் முழுக்க அந்த இரும்புக் கை. என் நோட்டில் முன்னட்டை ரேபின், பின்பக்கம் பிளாஸ்கோ. கணக்கில் 34 மதிப்பெண்.

—

கல்மண்டபம் செல்வி | ஞாயிறு, மாலை 4:05

நேற்றிலிருந்து படிக்கிறேன். தாத்தா, அப்பா, மாமா, பையன். இந்த ஊரில் பெண்கள் யாரும் வரையவில்லையா?

தமிழ்நாட்டில் அதிகம் பேர் கைக்குப் போன வரையப் பழகும் புத்தகம் ரஷ்யாவில் இருந்தும் வரவில்லை, அமெரிக்காவில் இருந்தும் வரவில்லை. கோலப் புத்தகம். மார்கழிக்கு முன்னால் பூக்கடைப் பக்கம் நடைபாதையில் பஞ்சாங்கத்தோடும் சமையல் குறிப்போடும் பரப்பி வைத்திருப்பார்கள். சாணித் தாள், பின் அடித்தது, பஸ் டிக்கெட் காசுக்குக் கிடைக்கும். அதைப் பார்த்து வரைந்தவர்கள் கோடிக்கணக்கில் இருப்பார்கள், தினமும் தரையில், ரப்பர் இல்லாமல். நீங்கள் யாரும் அதை ஓவியப் புத்தகம் என்று நினைக்கவே இல்லை.

ரசனையை மாற்றியது என்றால் இதைத்தான் சொல்ல வேண்டும். என் ஆயா போட்டது சிக்குக் கோலம். புள்ளியைச் சுற்றிச் சுற்றி வந்து, தொடங்கின இடத்தில் முடியும். அது புத்தகத்தில் இருந்தாலும் ஒரு பிரயோஜனமும் இல்லை. முடிந்த கோலத்தைப் பார்த்தால் கை எங்கே தொடங்கி எந்தப் பக்கம் திரும்பியது என்று தெரியாது. ஆயா பக்கத்தில் குந்திக்கொண்டு பார்த்தால்தான் வரும். புத்தகத்துக்குத் தோதானது எது? 15 புள்ளி, இடுக்குப் புள்ளி, 8 வரை. புள்ளியை வைத்துவிட்டு எதோடு எதைச் சேர்ப்பது என்று எண்ணிப் போட்டுவிடலாம். தாமரை, அன்னம், மான், பொங்கல் பானை எல்லாம் அப்படி வந்தவை. அம்மா காலத்தில் எங்கள் தெரு முழுக்க அதுதான். கலர் பொடியும் சேர்ந்துகொண்டது. ஆயா வாசலில் உட்கார்ந்து "பொம்மை போட்டு வச்சிருக்காளுங்க" என்று முணுமுணுக்கும்.

வார இதழ்களில் மார்கழிக்கு இலவச இணைப்பாகவும் கோலம் வரும். எதிர்வீட்டு அக்கா ஒரு இதழ், நாங்கள் வேறு இதழ். அவர்கள் போடுகிற கோலம் எங்களுக்குத் தெரியக் கூடாது என்று இணைப்பை ஒளித்து வைப்பார்கள். விடிந்தால் வாசலில்தான் இருக்கப்போகிறது, அதை ஒளித்து என்ன ஆகப்போகிறது!

—

ஆஃப்செட் அண்ணாச்சி | ஞாயிறு, மாலை 4:31

செல்வி அக்கா அடித்த அடி எனக்குத்தான் முதலில் விழுந்தது. கோலப் புத்தகம் நாங்கள் எத்தனையோ ஓட்டியிருக்கிறோம், வருடா வருடம். அதை நான் 'படம்' கணக்கிலேயே சேர்த்ததில்லை, 'லைன் வேலை' என்றுதான் சொல்வோம். ஒரே மை, ஸ்கிரீன் புள்ளி கிடையாது, பிளேட் தேய்ந்தாலும் தெரியாது. ஒரு தடவை ஒரு பக்கத்தில் ஒரு புள்ளி விழாமல் போய்விட்டது. அந்த மார்கழியில் எத்தனை வாசலில் கோலம் நொண்டியதோ தெரியாது.

—

வியாசை வரைகோல் | ஞாயிறு, மாலை 5:10

செல்வி அக்கா சொல்வது கோலத்துக்குச் சரி. ஆனால் அது அலங்காரம், ஓவியத்தோடு சேர்த்துப் பேசுவது

—

கல்மண்டபம் செல்வி | ஞாயிறு, மாலை 5:12

முடித்துவிட்டுப் போடுங்கள் தம்பி, பாதியில் ஏன் நிறுத்துகிறீர்கள். நீங்கள் கட்டம் போட்டு முகமது அலியை எடுத்தால் ஓவியம், நான் புள்ளி வைத்து அன்னத்தை எடுத்தால் அலங்காரமா? கட்டத்துக்கும் புள்ளிக்கும் என்ன வித்தியாசம்?

—

வியாசை வரைகோல் | ஞாயிறு, மாலை 5:40

கைதவறிப் பாதியில் போய்விட்டது. சரி அக்கா, அந்த வார்த்தையைத் திரும்பப் பெறுகிறேன். உண்மையைச் சொன்னால், கல்லூரியில் முதல் வருடம் ஒரே மூச்சில் நீளமாகக் கோடு இழுக்கச் சொன்னபோது எங்கள் வகுப்பில் பெண்களுக்குத்தான் நடுங்காமல் வந்தது.

—

ஓய்வுபெற்ற டிராயிங் மாஸ்டர் | ஞாயிறு, இரவு 8:25

பேரன் இந்த இழையைக் காட்டினான். மாநகராட்சிப் பள்ளிகளில் 31 வருடம் வேலை பார்த்தவன். நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

பார்த்து வரைவது புத்தகம் கொண்டுவந்த நோய் இல்லை. அரசு தொழில்நுட்பத் தேர்வில் லோயர் கிரேடு, ஹையர் கிரேடு ஓவியம் எழுதியவர்களுக்குத் தெரியும், ஃப்ரீ ஹேண்ட் அவுட்லைன் என்று ஒரு தாள் உண்டு. அச்சில் ஒரு உருவம் கொடுப்பார்கள், அதைப் பார்த்துக் கையால் பெரிதாக வரைய வேண்டும், ஸ்கேல் தொடக் கூடாது. பொருளை எதிரில் வைத்து வரையும் மாடல் டிராயிங் தனித் தாள். வியாசைத் தம்பி முதல் தாளை நன்றாக எழுதிவிட்டு இரண்டாவதில் தவறினார், அவ்வளவுதான். நாங்களும் பள்ளியில் முதலாவதைத்தான் அதிகம் சொல்லிக்கொடுத்தோம். அறுபது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் ஒரு கத்தரிக்காயை எங்கே வைப்பது?

நம் பகுதிக்காரர்களுக்கு ஒரு செய்தி. இன்றைய நுண்கலைக் கல்லூரி, 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் பிராட்வேயில் தனியாராகத் தொடங்கிய பள்ளி. இரண்டு வருடம் கழித்து அரசு எடுத்துக்கொண்டது, பூந்தமல்லி நெடுஞ்சாலைக்குப் போனது. அம்புலிமாமாவில் வேதாளத்தைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கும் விக்கிரமாதித்தனை வரைந்த சங்கர் அந்தப் பள்ளியில் பயின்றவர், அதற்கு முன் முத்தியாலுப்பேட்டை உயர்நிலைப் பள்ளி மாணவர். நம் பிராட்வேதான். அவர் படத்தைப் பார்த்து வரையாத பிள்ளையை நான் வகுப்பில் கண்டதில்லை.

பெரியவர்கள் வீட்டில் இருந்த ஓவியப் புத்தகத்தை ஒருவரும் சொல்லவில்லை. அது கடையில் விற்ற புத்தகமே இல்லை, நாமே செய்தது. கல்கியில் மணியம் படத்தோடு வந்த 'பொன்னியின் செல்வன்' பக்கங்களை வாராவாரம் கிழித்துச் சேர்த்துப் பைண்டு செய்வோம். ஆனந்த விகடனில் சில்பி வரைந்த 'தென்னாட்டுச் செல்வங்கள்' அதே மாதிரி. சில்பி கோயிலுக்கே போய்ச் சிலைக்கு எதிரில் உட்கார்ந்து வரைந்தவர். பைண்டர் சிலர் ஓரத்தை வெட்டும்போது சாமியின் கிரீடத்தையும் சேர்த்து வெட்டிவிடுவார்கள். என் தொகுப்பில் இரண்டு நடராசருக்குச் சடை கிடையாது.

அளவைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்கப் புத்தகங்கள் ஆள் உயரம் எட்டுத் தலை என்று சொல்லும். நிஜத்தில் ஏழரைத் தலைதான் இருப்போம். நம் சிற்ப நூல்கள் நவதாளம், தசதாளம், அதாவது ஒன்பது தாளம், பத்துத் தாளம் என்கின்றன. தாளம் என்பது நெற்றி முடியில் இருந்து முகவாய் வரைக்கும் உள்ள முகத்தின் அளவு, முழுத் தலை இல்லை. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு என் மாணவன் ஒருவன் பத்துத் தலை உயரத்துக்கு முருகனை வரைந்தான். மயில் முருகனின் முழங்கால் உயரம்கூட இல்லை.

கடைசியாக, இழையைத் தொடங்கியவருக்கு. காசிமேட்டு நண்பர் சொன்னது எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் ஐவசோவ்ஸ்கியும் கடலைப் பார்த்துக்கொண்டே அந்தப் படத்தை வரையவில்லை. அசையும் அலையைத் தூரிகையால் நேரில் பிடிக்க முடியாது என்பது அவர் கொள்கை. பார்த்துவிட்டு வந்து அறைக்குள் இருந்து நினைவில்தான் வரைவார். அந்த அசல் 221 செ.மீ. உயரம், 332 செ.மீ. அகலம். புத்தகத்தில் எத்தனை அங்குலம் என்று அளந்து சொல்லுங்கள்.

—

தண்டையார்பேட்டைக்காரன் | ஞாயிறு, இரவு 9:02

சார், வணக்கம். அளந்தேன். அகலம் பத்து அங்குலம். அசலை எங்கள் லைன் வீட்டு முன்னறையில் மாட்டியிருந்தால் கதவு திறந்திருக்காது.

இது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. அந்தப் புத்தகத்தில் எல்லாப் படமும் ஒரே அளவுதான். முகமும் பத்து அங்குலம், கடலும் பத்து அங்குலம். அதனால்தான் பேனர் அண்ணன் மாதிரி ஆட்கள் மேல் எனக்கு எப்போதும் ஒரு பிரமிப்பு. சின்னதை மறுபடியும் பெரிதாக்கத் தெரிந்தவர்கள் அவர்கள்தான்.

—

பேனர் கலைஞன் | திங்கள், காலை 6:10

மாஸ்டர் சார் சொன்ன பிறகு எனக்கும் ஒன்று நினைவுக்கு வருகிறது. எங்கள் வீட்டில் ரவிவர்மா லட்சுமி உண்டு, சட்டம் போட்டு, குங்குமம் வைத்து. ரவிவர்மா 1894இல் பம்பாயில் சொந்தமாக அச்சகம் வைத்து, வண்ணத்துக்கு ஒரு கல் என்று கல்லில் அச்சடித்தார். அதற்குப் பிறகு சிவகாசிக் காலண்டர், கோவில்பட்டி கொண்டையராஜு பட்டறை ஆட்கள் போட்ட முருகன், மீனாட்சி. அதையெல்லாம் நாங்கள் ஓவியம் என்று பார்த்ததில்லை, சாமி என்றுதான் பார்த்தோம். வருடம் முடிந்தால் படத்தைத் தூக்கிப் போட மனம் வராது, பழைய படத்தின் மேலேயே புதுக் காலண்டரை மாட்டுவோம். பின்பக்கம் வெள்ளையாக இருந்தால் மட்டும் கிழித்து வரைவோம். என் முதல் நூறு படம் சாமி முதுகில் போட்டதுதான்.

ஒரு முறை எழும்பூர் மியூசியத்தில் ரவிவர்மாவின் அசல் எண்ணெய் ஓவியத்தைப் பார்த்தேன். கிட்டப் போனால் புடவைச் சரிகை வெறும் மஞ்சள் தீற்றல், நாலு இழுப்பு. எட்ட வந்தால் சரிகை. அட, நம்ம ஆளு, பேனர்க்காரன் என்று தோன்றியது. அச்சில் அந்தத் தீற்றல் தெரியாது, எல்லாம் மழுங்கி வழவழப்பாகிவிடும். அந்த வழவழப்புதான் ரவிவர்மா என்று நாற்பது வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஃப்ளெக்ஸ் வந்து எங்கள் தொழில் போனது தனிக் கதை. அதை இங்கே எழுதினால் இழை திசை மாறிவிடும்.

—

2பி பென்சில் | திங்கள், காலை 7:55

எல்லோருக்கும் வணக்கம். நான் கல்லூரி இரண்டாம் வருடம், திருவொற்றியூர். எங்களுக்குப் புத்தகமே தேவைப்படவில்லை. லூமிஸ் என்பவரின் வரையப் பழகும் புத்தகம் பிடிஎஃப்பாக எல்லோர் போனிலும் இருக்கிறது. ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்து ஸ்பைரல் போட்டு வைத்திருக்கிறேன். ஆனால் நீங்கள் சொல்வதைப் படித்தால் பொறாமையாக இருக்கிறது. ஒரே ஒரு படத்தை ஒரு வருடம் முழுக்கப் பார்த்தேன் என்கிறீர்கள். நான் ஒரு படத்தை மூன்று நிமிடம் பார்த்தால் அதிகம்.

இன்ஸ்டாகிராமில் நான் போடுவது நடிகர் முகம், பென்சிலில் அச்சு அசல். கண்ணில் ஒளிப் புள்ளி வைத்தால் லைக் கொட்டும். அது ரஷ்யாவில் இருந்து எனக்கு வந்ததா என்று யோசிக்கிறேன். அப்பாவும் நோட்டுக்கு 'சோவியத் நாடு' இதழில்தான் அட்டை போட்டாராம்.

டாஷன் பதிப்பகப் புத்தகம் ஒன்று மட்டும் பழைய கடையில் வாங்கினேன். 96 பக்கம், வான் கோ. மஞ்சள் ஒரு மாதிரி சாம்பலாக இருக்கிறது. அது அச்சுக் கோளாறா, படமே அப்படியா?

—

ஆஃப்செட் அண்ணாச்சி | திங்கள், காலை 8:20

தம்பி, எனக்குத் தெரிந்து வான் கோ பயன்படுத்திய ஒரு வகை மஞ்சள், குரோம் மஞ்சள், வெளிச்சம் பட்டுப் பட்டு அசலிலேயே பழுப்பாகி வருகிறது. அதனால் முழுப் பழியையும் மிஷின்மேன் மேல் போடாதே. பாதி போடு.

—

கல்மண்டபம் செல்வி | திங்கள், காலை 10:15

தண்டையார்பேட்டை அண்ணா, அந்தப் புத்தகத்தை ஸ்கேன் செய்து போட முடியுமா? என் பெண்ணுக்குக் காட்ட வேண்டும். பதிலுக்கு ஆயாவின் சிக்குக் கோலங்களை நான் வீடியோ எடுத்து வைத்திருக்கிறேன், கை எப்படித் திரும்புகிறது என்று தெரியும். ஒன்று மட்டும் ஆயாவுக்கே பாதியில் மறந்துவிட்டது. அழித்துவிட்டு மறுபடி தொடங்கியது, அதுவும் வீடியோவில் இருக்கிறது.

—

ஆஃப்செட் அண்ணாச்சி | திங்கள், காலை 10:22

ஸ்கேனரில் வைத்து அழுத்த வேண்டாம், கரையான் தின்ற முதுகு பிரிந்து கையோடு வந்துவிடும். ஜன்னல் பக்கம் பகல் வெளிச்சத்தில், பாதி திறந்த வாக்கில் வைத்துப் போனில் எடுங்கள். ஃப்ளாஷ் போட்டால் ஆர்ட் பேப்பர் பளிச்சிட்டு ஒன்றும் தெரியாது. வேப்பிலையும் கற்பூரமும் வைத்தால் கரையான் போகும் என்பார்கள், போகாது. பெட்டியை மாற்றுங்கள்.

—

தண்டையார்பேட்டைக்காரன் | திங்கள், இரவு 9:30

பெயின்டர்கள் புதன்கிழமை முடிக்கிறார்கள். ஞாயிறு காலை பத்து மணிக்கு வீட்டுக்கு வாருங்கள், தண்டையார்பேட்டை மெட்ரோவில் இறங்கினால் ஐந்து நிமிடம். புத்தகத்தை மேசையில் விரித்து வைக்கிறேன். மாஸ்டர் சார், உங்களை அழைத்து வர 2பி தம்பி வருவார், பேசிவிட்டேன். பேனர் அண்ணே, முன்னறைச் சுவர் புதுசாக வெள்ளையடித்து வெறுமையாக இருக்கிறது, அகலம் பதினோரு அடி. அந்த அலை அளவு சரியாக வரும். கட்டம் போடத் தெரிந்த ஒரு ஆள் வேண்டும். காசிமேட்டு அண்ணனுக்கும் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

—

பேனர் கலைஞன் | செவ்வாய், காலை 5:50

வருகிறேன். சுண்ணாம்பு முழுக்கக் காயட்டும். நூலும் நீலப் பொடியும் நானே கொண்டுவருகிறேன்.

—

கொருக்குப்பேட்டை கேட் | செவ்வாய், காலை 8:40

பத்து மணி என்றால் நான் எட்டரைக்கே கிளம்ப வேண்டும். எனக்காக நிறுத்த வேண்டாம், கட்டம் போட ஆரம்பித்துவிடுங்கள்.